பத்து எண்ணுங்கள்!

உங்கள் குழந்தைக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவதை எந்த வயசில் நிறுத்தினீர்கள்? ஐந்தா, ஆறா? நான் பதினைந்தில் நிறுத்தினேன். அதுவும் நானாக நிறுத்தவில்லை, நிறுத்த வைத்தார்கள். அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

எங்களுக்குச் செங்கல்பட்டு. ஒரே பெண். குறைப் பிரசவத்தில் பிறந்தவள். ஒன்றரை வயசாகியும் உட்காரவில்லையே என்று தூக்கிக்கொண்டு ஓடியபோது, 'மூளை முடக்குவாதம்' என்றார் டாக்டர். அவளுக்குப் பேச்சு திக்கித் திக்கித்தான் வரும். எதையும் புரிந்துகொள்ளக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். ஆசையாக ஒரு பெயர் வைத்திருக்கிறோம். ஆனாலும் வீட்டிலும் தெருவிலும் அவள் 'பாப்பா'தான். பதினைந்து வயசுப் பாப்பா!

இந்தக் கோளாறில் மூளைக்கு நேர்ந்த பழுது நாளாக ஆக அதிகரிப்பதில்லை. ஆனால் உடம்பு வளர்கிறதே! எலும்பு நீளுகிற வேகத்துக்கு இறுகிப்போன தசை ஈடுகொடுப்பதில்லை. முழங்கால் மடங்கிக்கொள்கிறது, குதிகால் தரையில் படுவதில்லை. பத்து வயசில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்தவள், பதினாலில் நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். தசைநாண்களை ஆபரேஷன் செய்து நீட்டிவிடலாம் என்றார் எலும்பு டாக்டர்.

நான் நடுங்கிப்போனேன். என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். அவர் ஒரு கதை சொல்லித் தைரியப்படுத்தினார். வில்லியம் ஜான் லிட்டில் என்று இங்கிலாந்தில் ஒரு டாக்டர். சிறு வயசிலேயே ஒரு பாதம் கோணிப்போனவர். 1836-ல் ஹானோவருக்குப் போய், ஸ்ட்ரோமையர் என்ற டாக்டரிடம் தசைநாண் ஆபரேஷன் செய்துகொண்டு குணமடைந்தார். பிற்பாடு நம் பெண்ணுக்கு இருக்கிற இதே கோளாறை ஆராய்ந்து எழுதியவரும் அவர்தான். வெகு காலம் இதற்கு 'லிட்டில் நோய்' என்றே பெயர். "அவர் பிழைத்து நடந்தாரே, அப்புறம் என்ன?" என்றார் இவர். எனக்கும் மறுவார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

2023 ஜூலையில் ஆபரேஷன் ஆயிற்று. இரண்டு காலிலும் தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு, ஆறு வாரத்துக்கு. உங்களில் யாருக்காவது பயன்படும் என்று சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். கட்டுக்கு வெளியே தெரிகிற கால் விரல்களை அடிக்கடி பார்க்க வேண்டும். நீலம் பாரித்தாலும், சில்லிட்டாலும், வீங்கினாலும் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். குதிகால் படுக்கையில் அழுந்திப் புண்ணாகாதபடி கெண்டைக்காலின் கீழ் தலையணை வைக்க வேண்டும். அரிக்கிறதே என்று கட்டுக்குள் குச்சி கிச்சி விட்டுவிடக் கூடாது.

அவள் அழும்போதெல்லாம் கால் வலி என்று நினைத்து நானும் கூடச் சேர்ந்து அழுவேன். ஒரு நர்ஸ் அம்மாள் ஓர் அட்டையைக் கொடுத்தாள். சிரித்த முகத்திலிருந்து அழுகிற முகம் வரை ஆறு முகங்கள் அதில் வரிசையாக இருந்தன. "எந்த முகம் உன் வலி?" என்று கேட்டால் போதும். சில இரவுகளில் என் பெண் கடைசி முகத்தைத் தொட்டாள், மருந்து கொடுத்தோம். ஒருநாள் சாயங்காலம் அழுதுகொண்டே சிரித்த முகத்தைத் தொட்டுவிட்டு ஜன்னலைக் காட்டினாள். வலி இல்லையாம், பொழுதுதான் போகவில்லையாம்! கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டோம். அழுகை நின்றது. பதினைந்து வருஷமாக நான் அவளிடம் கேட்காமல் ஊகித்தே காலம் தள்ளியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

கட்டைப் பிரித்தால் உடனே நடப்பாள் என்று நினைத்தோம். கால்கள் வாழைத்தண்டு மாதிரி துவண்டன. "முதலில் தசை பலவீனமாகத்தான் இருக்கும். முழுப் பலன் தெரிய ஒரு வருஷம்கூட ஆகலாம்" என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நம் காதில் விழுந்தால்தானே!

அதற்கப்புறம் வாரா வாரம் முட்டுக்காடு பிரயாணம். அங்கே பல்வகைக் குறைபாடு உடையவர்களுக்கென்று மத்திய அரசு 2005-ல் தொடங்கிய தேசிய நிறுவனம் இருக்கிறது. திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போக வேண்டும். கால் பயிற்சிக்குத்தான் போனோம். ஆனால் பயிற்சி கொடுத்த பெண் என் கையைத்தான் கவனித்தாள்.

"அம்மா, பாப்பாவுக்குப் பொத்தான் போடத் தெரியுமா?"

"அதெல்லாம் வராதுங்க. நான்தான் போட்டுவிடுவேன்."

"நீங்கள் போட்டால் எப்படி வரும்? நாலு பொத்தானை நீங்கள் போடுங்கள். கடைசிப் பொத்தானை அவளுக்கு விடுங்கள். அது வந்ததும் கடைசி இரண்டு, அப்புறம் மூன்று. அவள் திணறும்போது மனசுக்குள் பத்து எண்ணுங்கள். அதுவரை கையை நீட்டக் கூடாது."

பத்து எண்ணுவது ஒரு பிரமாதமா என்கிறீர்களா? எண்ணிப் பாருங்கள்! ஐந்து வருவதற்குள் என் கை தானாக நீளும். என் கணவர் அதைப் பிடித்து இழுத்துக்கொள்வார். பொத்தான் வந்தது, தட்டில் சோறு பிசைவது வந்தது, காலில் பிளாஸ்டிக் கவசத்தைப் பொருத்திப் பட்டையை இறுக்குவதும் வந்தது.

ஒருநாள் வாக்கரைப் பிடித்துத் தனியாகக் குளியலறைக்குப் போனவள் வழியில் விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டாள். 'போதும் இந்த விளையாட்டு' என்று மறுபடி நானே எல்லாம் செய்ய ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் நான் சோறு ஊட்டப் போனபோது அவள் வாயைத் திறக்கவில்லை. என் கையைத் தள்ளிவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: "நான்... விழுவேன். நீ... எண்ணு."

நான் தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு எண்ண ஆரம்பித்தேன்.

எங்களுக்குப் பிறகு அவளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற பயம் இன்னும் போய்விடவில்லை. இந்தக் குறையுள்ள பிள்ளைகளுக்குப் பதினெட்டு நிறைந்துவிட்டால், பெற்றவர்களே ஆனாலும் தானாகச் சட்டக் காப்பாளர் ஆகிவிட முடியாது. 1999-ம் வருஷச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலுள்ள குழுவிடம் மனுச் செய்ய வேண்டும். காப்பாளர் என்று ஒருவர் வந்தாலும், இருவரும் கலந்துபேசித்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது 2016-ம் வருஷச் சட்டத்தின் கருத்து. சட்டமே அவளைக் கேள் என்கிறபோது பெற்ற தாய் கேட்க வேண்டாமா?

2024 ஆகஸ்டில் ஒருநாள் முட்டுக்காட்டிலிருந்து திரும்பும்போது, மாமல்லபுரத்தில் இறங்க வேண்டும் என்றாள். கடற்கரை மணலில் வாக்கர் புதையும். அதனால் தெருவோரத்திலேயே இருக்கிற அர்ச்சுனன் தபசுக்குப் போனோம். பாறையில் ஒற்றைக் காலில் கைகளைத் தூக்கி நிற்கிற தபசியைக் காட்டினேன். அவளோ கீழே அதே மாதிரி கைதூக்கி நிற்கிற பூனையைப் பார்த்துவிட்டு, "எக்ஸர்சைஸ்!" என்று சிரித்தாள்.

பக்கத்தில் ஒருவர் சுண்டல் விற்றுக்கொண்டிருந்தார். "என்ன பாப்பா, எவ்வளவு வேணும்?" என்று கேட்டார். அவள் வாக்கரை நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்து, "எண்ணு" என்றாள். பையைத் திறந்து சில்லறையைத் தேடினாள். ஒரு நாணயம் கீழே விழுந்தது. மறுபடி தேடினாள். பத்து தாண்டிற்று, இருபது தாண்டிற்று. நல்லவேளை, அந்த மனிதரும் அவசரப்படவில்லை. முப்பத்தெட்டு எண்ணியபோது காசு அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "பாப்பா இல்லே" என்றாள். அப்புறம் தன் பெயரைச் சொன்னாள், திக்காமல்.

உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால், தயவுசெய்து கொஞ்சம் பொறுத்து எண்ணிப் பாருங்கள். பத்து போதாவிட்டால் முப்பத்தெட்டு வரை போங்கள்.