இடைசெவல் போனால் மரங்களையும் பாருங்கள்!

கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகும் நான்குவழிச் சாலையில் சில நிமிடங்களிலேயே வந்துவிடுகிறது இடைசெவல். கி.ராஜநாராயணன், கு.அழகிரிசாமி இருவரும் 1923-ல் பிறந்த ஊர். எழுத்தாளர்களைத் தேடி வருகிறவர்கள், அப்படியே மரங்களையும் ஒரு பார்வை பார்க்கலாம்.

சாலையோரம், கண்மாய், தரிசு... எங்கும் சீமைக்கருவேலம்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். ஆடு, மாடுகள் நெற்றைத் தின்றுவிட்டுப் போகிற இடமெல்லாம் விதையைப் போட்டுவிடும். மழை பொய்த்தாலும் தழைக்கும். வறண்ட வருஷங்களில் விறகாகவும் கரிமூட்டமாகவும் பல வீடுகளில் உலை கொதிக்க வைத்ததும் இதுதான்.

ஆனால், குடை விரித்ததுபோல நிற்கும் உடைமரத்தையும், வெட்டினால் உள்ளே மஞ்சளாக இருக்கும் மஞ்சணத்தியையும் இன்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

உலகக் காடுகளிலும் சில மரங்களே பெருங்கூட்டம். அமேசானில் சுமார் 16,000 மர வகைகள் இருப்பதாக 2013-ல் வந்த ஆய்வு சொன்னது. ஆனால், அங்குள்ள மரங்களில் பாதி, வெறும் 227 வகைகளைச் சேர்ந்தவை! மற்றவற்றில் பல மிக அபூர்வம். ஒரு வித்தியாசம், அங்கே பெருகியவை அந்த மண்ணின் மரங்கள். இங்கே பெருகியது வந்த மரம்.

கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி தொகுத்தவர் கி.ரா. மரம் மறைந்தால் அதன் பெயரும் பேச்சிலிருந்து மறையும். அடுத்த முறை போகும்போது பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம், 'இது என்ன மரம் தாத்தா?' என்று கேட்கச் சொல்லுங்கள்.