பண்ணைப்புரத்துப் பாட்டுக்கு எந்தப் பெட்டி?

கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள பண்ணைப்புரத்தின் பிள்ளை, இசையமைப்பாளர் இளையராஜா. அவர் பாட்டுக் கோப்புகளைத் திறந்தால், ‘வகை’ என்ற கட்டத்தில் பெரும்பாலும் ‘சவுண்ட்டிராக்’ என்றே கிடக்கிறது.

அந்தக் கட்டத்தைத் தந்தது ஐடி3 குறிப்புமுறை; எம்பி3-க்கு 1996-இல் அது வந்தபோது மொத்தமே 80 வகைகள். ஹார்ட் ராக் உண்டு, கேங்ஸ்டா உண்டு. நாட்டுப்புற இசைக்கு உரிய ‘ஃபோக்’ கிடையாது! வினாம்ப் மென்பொருள்தான் பிறகு அதைச் சேர்த்தது.

அண்ணன் பாவலர் வரதராசனோடு கட்சி மேடைகளில் வாசித்த இளையராஜா, 1976-இல் ‘அன்னக்கிளி’ படத்துக்கு இசை தந்தார். 1986-இல் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பைத் தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கினார். 2005-இல் திருவாசகத்துக்கு இசை, 2025 மார்ச் 8 அன்று லண்டனில் சிம்பொனி. இத்தனைக்கும் ஒரே முத்திரை குத்துவது அநியாயம்.

இப்போதைய ஐடி3 ஒரு பாட்டுக்குப் பல வகைகளை ஏற்கும். ‘கரகாட்டக்காரன்’ பாட்டுகளுக்குத் திரையிசை, நாட்டுப்புறம் இரண்டையும் தாராளமாகப் போடலாம். இசையமைப்பாளர் கட்டத்தையும் நிரப்பிவிட்டால், பாடகர் யாராக இருந்தாலும் ராஜா பாட்டு தேடியதும் கிடைக்கும்.