கழுத்துக் கட்டி பெண்களுக்கு மட்டுமா?

"கழுத்தில் கட்டியா? அது பெண்களுக்கு வருவதாயிற்றே!" எங்கள் மகாராஜபுரத்தில் இப்பேச்சை நான் சிறு வயது முதல் கேட்டு வருகிறேன். இதில் பாதி உண்மை உண்டு, மறுபாதியோ ஆபத்தானது. அந்த ஆபத்தை எங்கள் குடும்பம் நேரிற் கண்டமையால், பங்குக் குடும்பங்கள் அறிந்து பயன்பெறுமாறு இதனை எழுதுகிறேன்.

முன்கழுத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்திருப்பது தைராய்டு சுரப்பி. உணவிலுள்ள அயோடினைக் கொண்டு அது சுரக்கும் நீரே உடலின் வெப்பத்தையும் இதயத் துடிப்பையும் குழந்தைகளின் வளர்ச்சியையும் நெறிப்படுத்துகிறது. அதில் தோன்றும் கட்டிகளுள் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை; சிறு பகுதியே புற்றுநோய். அப்புற்றுநோய் ஆண்களைக் காட்டிலும் பெண்களிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதியாகக் கண்டறியப்படுகிறது. அண்டை மாநிலமான கேரளத்தில், திருவனந்தபுரம் வட்டாரப் பெண்களிடையே இந்நோய் மிகுதியாகப் பதிவாகி வருகிறது.

ஆயினும், 'கண்டறியப்படுகிறது' என்னும் சொல்லைக் கூர்ந்து நோக்க வேண்டும். வேறு காரணங்களால் இறந்தோரின் உடல்களை ஆய்ந்தபோது, வாழ்நாளில் எத்தொல்லையும் தராத நுண்ணிய தைராய்டுப் புற்று இருபாலாரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் காணப்பட்டது. உயிரைப் பறிக்கும் கொடிய வகைகளும் இருபாலாரையும் ஏறத்தாழச் சமமாகவே தாக்குகின்றன. மெதுவாய் வளரும் சிறு கட்டிகளில்தான் பெண்களின் எண்ணிக்கை பெரிதும் மிகுகிறது. பெண்கள் மருத்துவரை அடிக்கடி காண்பதும், அவர்களுடைய கழுத்து அடிக்கடி சோதிக்கப்படுவதும் அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பர் ஆய்வாளர்.

தேடத் தேட இந்நோய் பெருகும் என்பதற்குத் தென்கொரியா சான்று. அங்கே ஸ்கேன் சோதனை பரவியதால், 1993-ஆம் ஆண்டை நோக்க 2011-இல் தைராய்டுப் புற்றுநோய் 15 மடங்கு மிகுதியாகக் கண்டறியப்பட்டது. இறப்போர் விகிதமோ மாறவில்லை. ஆகவே, சிறு கட்டி என்று கேட்டவுடனே எந்தச் சகோதரியும் கலங்க வேண்டியதில்லை.

ஆண்களின் நிலை வேறு. அவர்களுக்குக் கட்டி வருவது குறைவு. வந்தாலோ, அது புற்றாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. கண்டறியும் வேளையில் கட்டி பெருத்து, கழுத்தின் நெறிக்கட்டிகளுக்கும் பரவியிருப்பது ஆண்களிடமே மிகுதி. 1988-இல் அமெரிக்காவின் லாஹி மருத்துவமனையார் வகுத்த கணிப்பில், பெண்களுக்கு 50 வயது வரையிலும் ஆண்களுக்கு 40 வயது வரையிலுமே ஆபத்துக் குறைவு என்று கொண்டனர். எனினும், வயதையும் நோயின் முதிர்ச்சியையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண், பெண் வேறுபாடு பெருமளவு குறைவதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆணின் கேட்டுக்கு அவன் உடல் மட்டும் காரணமன்று. அவன் காலந்தாழ்த்தி வருவதும் காரணமே.

இதற்கு என் உடன்பிறந்தோரே சான்று. என் தமக்கையாரின் கழுத்தில் கட்டியைக் கண்ட அவர் மகள், அந்த வாரமே அவரை மதுரைக்கு அழைத்துச் சென்றாள். அறுவை முடிந்தது. இன்றும் அவர் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை உட்கொண்டு, ஞாயிறுதோறும் திருப்பலியில் பாடி வருகிறார். என் மூத்த அண்ணனோ தம் கட்டியைத் தோள்துண்டால் மறைத்தார். "பெண்களின் நோய் எனக்கு வந்ததென்றால் ஊரார் நகையாரோ?" என்றார். குரல் கம்மிய பின்னரே மருத்துவரிடம் சென்றார். அதற்குள் நோய் நுரையீரலை எட்டியிருந்தது. கதிரியக்க அயோடின் சிகிச்சை அவருக்குச் சில ஆண்டுகளைத் தந்தது. பின்னர் நோயிற்பூசுதல் பெற்று ஆண்டவரில் துயில்கொண்டார். அவரைக் கொன்றது நோய் மட்டுமன்று. நாணமும் அதற்குத் துணை நின்றது.

பிப்ரவரி 3-ஆம் நாள், புனித பிளாசியார் திருநாளில், குரு இரு மெழுகுவர்த்திகளைக் கழுத்தருகே வைத்து நம்மை ஆசீர்வதிக்கிறார். அந்த ஆசீருக்கு ஆண்களும் பெண்களும் ஒருங்கே வருகிறோம். மருத்துவரிடம் செல்வதற்கு மட்டும் ஆண் ஏன் வெட்கப்பட வேண்டும்? நம் உடல் தூய ஆவியின் ஆலயம் என்று புனித சின்னப்பர் கற்பித்தது இருபாலார்க்கும் அன்றோ?

எனவே, குடும்பத் தலைவர்களே, சவரம் செய்யும்போது கண்ணாடி முன் தலையைச் சற்று நிமிர்த்தி ஒரு மிடறு நீர் விழுங்கிப் பாருங்கள். விழுங்கும்போது மேலெழும்பித் தாழும் கட்டி ஏதேனும் தென்பட்டாலும், குரல் கம்மல் வாரக்கணக்கில் நீடித்தாலும் மருத்துவரை நாடுங்கள். இல்லத்தரசியரே, கணவர் மறைத்தாலும் நீங்கள் விட்டுவிடாதீர்கள். இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும் என்று பீடத்தின் முன் கொடுத்த வாக்கு, ஒருவர் கழுத்தை மற்றவர் கவனிக்கும் இச்சிறு அன்பிலும் நிறைவேறுகிறது.