ஓட்டைப் பிரிப்பதற்கு முன்

சீமை ஓட்டின் முதுகைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். கழற்றிக் குப்புறப் போட்டால் வயிற்றில் எழுத்து இருக்கும். செய்த தொழிற்சாலையின் பெயர், ஊர், சிலவற்றில் ஏதாவது ஒரு சின்னம். அம்பாசமுத்திரத்தில் எங்கள் பழைய வீட்டுப் பட்டாசலுக்கு மேலிருந்து இறக்கிய ஓடுகளில் 'குயிலோன்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. அடுக்களைப் பக்கத்து ஓடுகளில் 'ஃபெரோக்'. ஒரே வீட்டுக் கூரையில் கொல்லமும் கோழிக்கோடும் அக்கம்பக்கமாக இத்தனை காலம் மழை வாங்கியிருக்கின்றன. 1904இல் கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு மலையைக் குடைந்து ரயில் வந்த பிறகு, இந்தப் பக்கம் ஓடு வந்து இறங்குவது எளிதாகியிருக்க வேண்டும். ஃபெரோக் ஓடு எந்த வழியாக வந்தது, யார் வாங்கினார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் இப்போது பெரியவர்கள் யாரும் இல்லை.

இந்த ஓட்டின் பூர்வீகம் மங்களூர். கிறிஸ்தவரானதால் குலத்தொழிலை இழந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக பாசல் மிஷன் நெசவாலை வைத்தது, அச்சகம் வைத்தது. அந்த வரிசையில் 1865இல் மங்களூர் ஜெப்புவில் கியோர்க் பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். நேத்ராவதிக் கரையின் களிமண் அதற்கு வாய்த்தது. முதல் உலகப்போர் வந்ததும் எதிரி நாட்டார் சொத்தென்று ஆங்கிலேய அரசு மிஷனின் ஓட்டுத் தொழிற்சாலைகளை எடுத்து காமன்வெல்த் டிரஸ்டிடம் ஒப்படைத்துவிட்டது. மிஷன் போனாலும் ஓடு நின்றது. அந்த அச்சைப் பார்த்து மேற்குக் கடற்கரை நெடுக எத்தனையோ தொழிற்சாலைகள் கிளம்பின.

அந்த அச்சின் அழகை இறக்கி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஓரத்தில் ஒரு பள்ளம், எதிர் ஓரத்தில் ஒரு மேடு. பக்கத்து ஓட்டின் மேடு இதன் பள்ளத்தில் உட்காரும். அடியில் உள்ள கொண்டி ரீப்பரைப் பிடித்துக்கொள்ளும். ஆணி இல்லை, சாந்து இல்லை. முகட்டில் மட்டும்தான் சுண்ணாம்புச் சாந்து. அதனால் நடுவில் ஒரு ஓடு உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் உருவி எடுத்து இன்னொன்றைச் செருகலாம். ஆனால் ஒரு தொழிற்சாலையின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் சரியாகப் பொருந்தாது. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிகிறதே என்று கடையில் கிடைத்ததை வாங்கிச் செருகினால், அந்த இடத்திலேயே அடுத்த மழை உள்ளே வரும். வயிற்றிலுள்ள எழுத்தைப் படிக்க வேண்டியது இதற்காகத்தான்.

ஆச்சி இருந்த காலத்தில், ஓடு மாற்றுகிற பெரியவர் ஆடிக் காற்று அடங்கிய பிறகு வருவார். வந்ததும் ஏணி கேட்க மாட்டார். வீட்டுக்குள் போய், தார்சாவில் நின்று அண்ணாந்து பார்ப்பார். ஆச்சிக்குப் போன ஐப்பசியில் எங்கெங்கே சொட்டியது என்பது மனப்பாடம். "இந்தா, இந்தப் பத்தாயத்துக்கு நேரே, அந்த ஊஞ்சக் கொக்கிக்குப் பக்கத்துல" என்று காட்டிக்கொண்டே போவாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சொட்டு விழுந்த எடத்த விடுங்க ஆச்சி, தண்ணி நடந்த தடத்தப் பாப்போம்" என்பார். கைமரத்தின் அடிப்பக்கத்தில் கறுப்பாக ஒரு கோடு இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டே மேல்நோக்கிப் போவார். ஊஞ்சல் கொக்கிக்குப் பக்கத்தில் சொட்டிய தண்ணீர் எங்கோ முகட்டுக்குக் கீழே நுழைந்து, மரத்தைப் பற்றிக்கொண்டு இறங்கி வந்திருக்கும். கோடு தொடங்கும் இடத்தை மனத்தில் வாங்கிக்கொண்ட பிறகுதான் ஏணி.

மேலே அவர் நடப்பதைத் தெருவில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். ஓட்டுக்கு அடியில் இருக்கும் ரீப்பர் மேலேயிருந்து தெரியாது. ஆனால் அவருடைய பாதம் ரீப்பர் தாங்குகிற இடத்தில்தான் படியும். ஓடு நெரிபடும் சத்தமே வராது. இறக்கித் தந்த ஓடுகளை முற்றத்தில் நாங்கள் அடுக்குவோம். மதியத்துக்குமேல் அவர் கீழே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வோர் ஓட்டையும் ஒரு கையில் தொங்கவிட்டு மறுகை முட்டியால் தட்டுவார். நல்ல ஓடு கணீரென்று சொல்லும். கீறல் விழுந்தது மொத்தென்று நின்றுவிடும், கண்ணுக்குக் கீறல் தெரியாவிட்டாலும். "இது பேசுதுல்லா ஆச்சி" என்று ஒரு பக்கம் வைப்பார். பேசாதது மறுபக்கம். கடைசியில் பார்த்தால் பேசாத ஓடுகள் சின்னக் குவியலாகத்தான் இருக்கும். மொத்தக் கூரையும் போய்விட்டது என்று ஆச்சி புலம்பிய வீட்டுக்கு ஒரு நாள் வேலையில் மழை நின்றுவிடும். கோளாறு பெரும்பாலும் இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாயில் இருக்கும், அங்கே தகரம் துருப்பிடித்திருக்கும். இல்லையென்றால் முகட்டுச் சாந்து வெடித்திருக்கும்.

இப்போது அந்த வீட்டைப் பற்றித்தான் எங்களுக்குள் பேச்சு. ஒக்கிட்டுக்கொண்டே இருப்பதைவிட ஓட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போட்டுவிடலாம் என்கிறார் அண்ணன். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. குரங்கு ஓட்டைப் புரட்டிப் போடுகிறது. எலியும் பூனையும் ஓடுகின்றன. மொட்டைமாடி இருந்தால் வற்றல் காயப்போடலாம், நாளைக்கு மேலே ஒரு அறை கட்டலாம். ஓடு மாற்ற ஆளைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டாம். ஓட்டு வீட்டில் வாழாதவர்கள் அதன் அழகைப் பற்றி எழுதுவதும், அதில் வாழ்கிறவர்கள் கார்த்திகை மழையில் தூங்காமல் இருப்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது, அதை யாரும் முதலில் போடுவதில்லை. ஒரு சதுர மீட்டருக்குப் பதினைந்து ஓடு, ஒன்று இரண்டரை முதல் மூன்று கிலோ என்றால், நாற்பது நாற்பத்தைந்து கிலோ. அதே ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் முந்நூறு கிலோவுக்கு மேல். ஓட்டுக்கூரையைத் தாங்குவதற்காக எழுப்பிய மண்சாந்துச் சுவர் அந்தப் பாரத்தைத் தாங்காது. அப்படியானால் தூண் எழுப்ப வேண்டும், அஸ்திவாரம் தோண்ட வேண்டும். கூரையை மாற்றப்போகிறோம் என்று தொடங்கிய பேச்சு வீட்டை இடிப்பதில் போய் முடிவது இப்படித்தான். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் தேக்குத் தூணும் நிலைக்கதவும் விலைக்கு அடுக்கியிருப்பதைப் பார்க்கும்போது, இவற்றில் எத்தனை ஒரு கூடல்வாய் ஒழுக்கில் தொடங்கி இங்கே வந்து சேர்ந்தனவோ என்று எனக்கு வயிறு எரியும்.

கான்கிரீட்டும் சாகாவரம் வாங்கி வந்ததில்லை. மயிரிழை வெடிப்பில் இறங்கும் ஈரம் கம்பியைத் தொட்டால் துரு ஏறும். துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். உள்ளிருந்து நெருக்கி, ஒரு நாள் கட்டிலின்மேல் பொத்தென்று காரை விழும். ஓடு ஒழுகி எச்சரிக்கும். தளமோ பல சமயம் விழுந்துதான் சொல்லும். விழுந்த இடத்தைப் பூசலாமே தவிர, கெட்ட கம்பியை ஓட்டைப்போல உருவி மாற்ற முடியாது.

ஓட்டுக்கூரையின் உயிர் மரத்தில் இருக்கிறது. தச்சரைக் கூட்டிக்கொண்டு போய், கைமரம் சுவருக்குள் நுழையும் நுனியில் திருப்புளியால் குத்திப் பார்த்தோம். பட்டாசலில் இரும்பைக் குத்தியதுபோல நின்றது. வைரம் பாய்ந்த பனை. அடுக்களையில் மட்டும் பிடிவரை உள்ளே போனது, மாவாகக் கொட்டியது. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. நெருப்பு எரிந்த இடமல்லவா முதலில் கெட்டிருக்கிறது! தச்சர் சொன்ன காரணம் மறக்க முடியாதது. விறகடுப்புப் புகை இருந்தவரை வண்டு அண்டவில்லை. கேஸ் அடுப்பு வந்தது, கரி படிவது நின்றது, வண்டு ஏறிவிட்டது. பெண்களின் கண்ணையும் நெஞ்சையும் எரித்த புகைதான் மரத்தைக் காத்திருக்கிறது. அந்தப் புகை போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதன் வேலையை இனி வேறொன்று செய்தாக வேண்டும். மரத்துக்கு மருந்தடிப்பது அதனால்தான்.

தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையின் மரமும் ஓடும் நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கின்றன. அரண்மனை மரத்துக்கும் நம் வீட்டு மரத்துக்கும் வரும் நோய் ஒன்றுதான். அங்கே பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு நான் சொல்லும் முடிவு இது. அடுக்களைக்குப் புதுக் கைமரம், புது ரீப்பர். பட்டாசலுக்கு மரத்தைத் தொட வேண்டாம், பேசாத ஓடுகளை மட்டும் எடுத்துவிட்டு அதே அச்சில் பழைய ஓடு தேடிச் செருகினால் போதும். கூடல்வாய்க்குத் துருப்பிடிக்காத தகடு. அண்ணன் இன்னும் சரி என்று சொல்லவில்லை. நீங்களும் இப்படி ஒரு பேச்சில் இருந்தால், என்ஜினீயரைக் கூப்பிடுவதற்கு முன் ஓடு மாற்றத் தெரிந்த ஒருவரையும் தச்சரையும் கூப்பிட்டு உள்ளே நின்று அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். ஓடு மாற்றுகிறவருடன் ஏற வீட்டுப் பையன் ஒருவனையும் அனுப்புங்கள். கூலியைக் குறைத்துப் பேசாதீர்கள்.