மழையும் ஊசியும்

மழையைப் போற்றிய புலவர் பலர். திருவள்ளுவரும் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பையே வைத்தார். ஊசியைப் போற்றியவரோ மிகச் சிலர். அமெரிக்கப் பிரேரிப் புல்வெளியின் வரலாற்றைப் படிக்கப் புகுந்த நான், இவ்விரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டியவனானேன்.

கன்சாஸ், ஒக்லஹோமா முதலிய மாநிலங்களில் 1930களில் வானம் பொய்த்தது. ஆண்டுக்கணக்காக நீடித்த வறட்சியில் வயல் மண் புழுதியாகி எழுந்தது. 1935 ஏப்ரில் 14ஆம் நாள் வீசிய புயல் பகலை இரவாக்கியது. அந்நாளைக் 'கறுப்பு ஞாயிறு' என்றே மக்கள் இன்றும் நினைவுகூர்வர். வீட்டுப் பெண்கள் நனைத்த சீலைகளைச் சாளரங்களில் தொங்கவிட்டுப் புழுதியைத் தடுக்க முயன்றனர்.

அப்பெண்களின் கையிலிருந்த மற்றொரு கருவி ஊசி. கோதுமை மாவும் கோழித் தீவனமும் பருத்திச் சாக்குகளிலே வந்தன. 100 இறாத்தல் சாக்கொன்றைப் பிரித்து விரித்தால் ஒரு யாருக்குச் சற்று அதிகமான துணி கிடைக்கும். மூன்று சாக்குகள் ஒரு பெண்ணின் சட்டைக்குப் போதும். வணிகக் குறியின் மையை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் போக்கினர். எஞ்சிய துண்டுகள் ஒட்டுப் போர்வைகளாயின. இதனைக் கண்ட உற்பத்தியாளர் பின்னர்ப் பூவேலை அச்சிட்ட சாக்குகளையே விற்கத் தொடங்கினர். தீவனம் வாங்கச் சென்ற கணவன், வீட்டிலிருக்கும் துணியோடு பொருந்தும் சாக்கைத் தேடவேண்டியதாயிற்று!

எங்கள் வீட்டிலும் கோதுமை மாச் சாக்கைத் தோய்த்துத் தலையணை உறை தைத்ததைக் கண்டவன் நான். அதனை வறுமையின் அடையாளமாக மட்டும் கொள்ள என் மனம் ஒப்பவில்லை. விளைச்சல் அழிந்த வீட்டில், மகள் பள்ளிக்கு உடுத்திச் செல்லும் சட்டையின் விளிம்பில் ஒரு சிறு மடிப்பலங்காரம் தைத்த தாய், தன் குடும்பத்தின் மதிப்பையும் காத்தாள். வானத்தை ஆள அவளால் இயலாது. கிழிந்ததை இணைக்க இயலும்.

அச்சாக்குகளின் வாய் சங்கிலித் தையலால் மூடப்பட்டிருக்கும். நூலின் உரிய நுனியைப் பற்றி இழுத்தால் தையல் முழுவதும் அவிழ்ந்துவிடும். அவிழ்ந்த நூலையும் பெண்கள் உருட்டிவைத்துப் பின்னல் வேலைக்குப் பயன்படுத்தினர். புல்வெளிக்கு நேர்ந்ததும் இத்தகைய அவிழ்ப்பே எனலாம். பிரேரி மண்ணைப் பன்னெடுங்காலம் பிடித்துவைத்திருந்தவை புல்லின் வேர்கள். முதலாம் உலகப் போர்க் காலத்தில் கோதுமை விலை உயர, உழவு இயந்திரங்கள் அப்புற்றரையைப் புரட்டின. தையல் அறுந்த நிலத்தை, வறட்சி வந்தபோது காற்று வாரிச் சென்றது. வறட்சி இயற்கையின் செயல். அறுத்த கையோ மனிதனுடையது.

1939இல் மழை மீண்டது. பல ஆண்டு காத்திருந்தோர்க்குக் கூரையில் விழுந்த துளியின் ஓசை எத்துணை இனிமையாக இருந்திருக்கும் என்பதை, வரண்ட வலயத்தில் வாழ்ந்தோர் எளிதில் உணர்வர். எனினும் வரவேற்கத் தெரியாத நிலத்தில் மழையும் மண்ணை அரித்தே ஓடும். 1935இல் இயற்றப்பட்ட மண் பாதுகாப்புச் சட்டத்தின் பின், உழவர் சமவுயரக் கோடுகளைத் தழுவி உழப் பழகினர். கைவிடப்பட்ட வயல்களில் மீண்டும் புல் விதைக்கப்பட்டது. காற்றைத் தடுக்க 1942 வரையில் 22 கோடி மரங்கள் நடப்பட்டன. ஒரு பெரும் நிலத்தைத் திரும்பத் தைத்த பணி இது.

1950களில் அங்கு வறட்சி மறுபடியும் வந்தது, இனியும் வரும். மழை வேண்டி வானை நோக்குவது மனித இயல்பு. ஆயினும் அதனைத் தாங்கிக்கொள்ளும் நிலத்தை ஆயத்தம் செய்வது நம் கடன். அக்கடனின் இலக்கணத்தை, விளக்கொளியில் சாக்குத் துணியைத் தைத்திருந்த அப்பெண்கள் அறிந்திருந்தனர்: உள்ளதை வீணாக்காதே, அறுந்ததை உடனே தை.