கெப்புக்கு பேஸ் வேணும்

எங்கள் ஆசை அவ்வளவுதான். அதற்கு மூன்று மாதம் போனது. டயருக்கென்று எடுத்து வைத்திருந்த காசும் போனது.

முதலில் ‘நாங்கள்’ யாரென்று சொல்லிவிடுகிறோம். அண்ணன் தம்பி இரண்டு பேர். வீட்டில் பெரியவன், சின்னவன். பெரியவன் சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவன். இப்போது தெல்தோட்டைப் பக்கமிருந்து கண்டிக்கு மரக்கறி ஏற்றுகிறான். சின்னவன் பேராதனையில் கலைப்பீடம். கலஹா வீதி கெம்பஸுக்கு நடுவாலேதான் போகிறது. அதனால் லீவு முடிந்து திரும்பும் நாட்களில் கோவா மூட்டையோடு மூட்டையாக சின்னவனையும் ஏற்றிவந்து வழியில் இறக்கிவிடுவது வழக்கம்.

வண்டி ஒரு பழைய ஹைலக்ஸ், சிங்கிள் கெப். எங்கள் இரண்டு பேரையும் விட வயதில் மூத்தது. மாற்றலாமே என்று கேட்காதீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025ல் மறுபடியும் திறந்தார்கள். இரண்டு முறையும் விலை எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருப்பதை ஓட்டவேண்டியதுதான்.

பேஸ் ஏன் வேணும் என்றால், தூக்கம். விடியற்காலை மூன்று மணிக்கு, பனிக்குள், அந்த வளைவுகளில் தனியாக லோட் இறக்கிக்கொண்டு வருகிறவனுக்கு கண் சொருகும். ஒருநாள் ஒரு வளைவில் பக்கத்து மண்மேட்டைத் தேய்த்துக்கொண்டு வந்து நின்றான். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. “பாட்டு போட்டா கேக்குது, ஆனா ஒடம்புல படல. நெஞ்சுல இடிச்சா தூக்கம் வராது” என்றான். அது சாக்கு என்றும் சொல்லலாம். டபுள் கெப்காரர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு தும் தும் என்று கடந்து போகும்போது எங்களுக்கும் ஆசை இருந்தது என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

ஆகவே பழைய சாமான் விற்கும் ஒரு கடையில் 12 அங்குல சப்வூபர் ஒன்று, பெட்டியோடு, வாங்கினோம். கூடவே ஒரு அம்ப். அதன் மேல் பெரிதாக ‘1000 வொட்’ என்று எழுதியிருந்தது. சீட்டுக்குப் பின்னால் பெட்டியைத் திணித்தோம். சீட் முன்னால் தள்ளி வந்து, பெரியவனின் முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டியது. பரவாயில்லை என்று பாட்டைப் போட்டோம்.

பேஸ் வரவில்லை. கதவு அதிர்ந்தது, நம்பர் பிளேட் அதிர்ந்தது, டேஷ்போர்டுக்குள் எங்கோ ஒரு ஆணி கிலுகிலுத்தது. பாட்டில் மட்டும் அடி இல்லை. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணியதும் இருந்த கொஞ்சமும் காணாமல் போனது. டீசல் எஞ்சினின் உறுமலும் தாழ்ந்த ஒலிதான். அது பேஸ் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

இந்த இடத்தில் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். சத்தத்தைக் கூட்டினோம். பிறகு இன்னும் பெரிய அம்ப் வாங்கலாமா என்று யோசித்தோம்.

எங்கள் பீடத்திலிருந்து மகாவலியைத் தாண்டினால் பொறியியல் பீடம். நடுவில் அக்பர் பாலம். சின்னவன் அந்தப் பாலத்தைத் தாண்டிப்போய் ஒரு நண்பனைப் பிடித்தான். அவன் அம்பைக் கையில் எடுத்தான், ‘1000’ என்ற எழுத்தைப் பார்க்கவே இல்லை. “ஃபியூஸ் எவ்வளவு?” என்று கேட்டான். 25 அம்பியர். ஓடும் வண்டியில் கிடைப்பது ஏறக்குறைய 14 வோல்ட். பெருக்கினால் 350 வொட். உள்ளே போவதே அவ்வளவுதான். இந்த வகை அம்ப் அதில் பாதியளவைச் சூடாக்கியே தீர்த்துவிடும். மிஞ்சுவது 200க்கு உள்ளே. ஆயிரம் எங்கே என்றால், பெயின்டில்.

ஆனால் 200 வொட் ஒரு சின்ன கெபினுக்குத் தாராளம் என்றும் அவனே சொன்னான். வொட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வொட் வேண்டும். “காச அங்க போடாதீங்க. இருக்கிறது எங்க ஒழுகுதுன்னு பாருங்க.”

அதன் பிறகு ஒவ்வொரு ஒழுகலாகப் பிடித்தோம்.

முதலாவது வயர். பெட்டரியில் 14 வோல்ட். பாட்டில் அடி விழும்போது அம்பின் முனையில் அளந்தால் 11. பென்சில் முனை மாதிரி மெல்லிய வயரை அவ்வளவு தூரம் இழுத்திருந்தோம். எர்த் வயரை பெயின்டுக்கு மேலேயே வைத்து முறுக்கியிருந்தோம். தடித்த வயர் போட்டு, பெயின்டைச் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரிந்த பிறகு போல்ட்டை இறுக்கினோம்.

இரண்டாவது, சப்வூபருக்குப் போகும் இரண்டு வயர்களை இடம் மாற்றிப் போட்டோம். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. கதவு ஸ்பீக்கர் வெளியே தள்ளும் நேரம் சப்வூபர் உள்ளே இழுத்தால், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். எங்களுடையது அப்படித்தான் இருந்தது. மாற்றியவுடன் டிரைவர் சீட்டில் இருந்தவன் “ஆ!” என்றான். எது சரி என்று புத்தகம் பார்க்கத் தேவையில்லை. ஒருவர் வயரை மாற்ற, ஒருவர் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும்.

மூன்றாவது, அம்பில் உள்ள திருகுகள். கெயின் என்பது சத்தம் கூட்டுகிற திருகு அல்ல, ரேடியோவிலிருந்து வரும் சிக்னலுக்கு அம்பைப் பொருத்துவதற்கானது. நாங்கள் அதைக் கடைசிவரை திருகி வைத்திருந்தோம். வந்ததெல்லாம் கரகரப்பு. குறைத்தோம். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே மட்டும் சப்வூபருக்குப் போகும்படி வைத்தோம்.

இவ்வளவும் செய்த பிறகு அடி வந்தது. ஆனால் சப்பென்று இருந்தது. ஈரச் சாக்கைத் தடியால் அடிக்கிற மாதிரி.

அன்றிரவு பெட்டியைக் கழற்றி லயத்து வாசலில் வைத்து, வயரை இழுத்துப் பாட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா வந்து பக்கத்தில் குந்தினார். ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு விரல் மூட்டால் ஓரம் ஓரமாகத் தட்டிக்கொண்டே போனார். பின்பக்கம், கீழ் மூலையில் நிறுத்தினார்.

“இந்தா, இங்க செத்துக் கெடக்கு. பலகை பனி குடிச்சிருச்சு.”

நாங்கள் நம்பவில்லை. ஊதுபத்தி கொளுத்தி, பாட்டு ஓடும்போது அந்த மூலையில் பிடித்தோம். புகை உள்ளேயும் வெளியேயும் ஆடியது. மற்ற மூலைகளில் நேராகவே எழும்பியது. சிப்போர்ட் பெட்டி. எங்கள் ஊர்ப் பனியில் பலகை ஊறி உப்பி, பொருத்து வாயைத் திறந்திருந்தது.

மூடிய பெட்டியில் காற்றுதான் ஸ்பிரிங். 1954ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் இந்த எண்ணத்தை வைத்துத்தான் ஏஆர்-1 என்ற சின்ன ஸ்பீக்கரைச் செய்தார். உள்ளே அடைபட்ட காற்று கோனைப் பிடித்துப் பிடித்து விடுவதால், சின்னப் பெட்டியிலிருந்தும் ஆழமான பேஸ் வந்தது. ஓட்டை இருந்தால் ஸ்பிரிங் இல்லை. அதோடு, கோனின் முன்னால் வரும் அலையும் பின்னால் வரும் அலையும் அந்த ஓட்டை வழியாகச் சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடும். இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அப்பா படிக்கவில்லை, தட்டிப் பார்த்தார்.

அவருக்கு எப்படித் தெரியும் என்று எங்களுக்குத் தெரியும். கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அப்பா தப்பு அடித்தவர். சாவுக்கும் அடித்திருக்கிறார், திருவிழாவுக்கும் அடித்திருக்கிறார், மாசி மாதம் காமன் கூத்துக்கும் அடித்திருக்கிறார். பெரியவன் ஸ்கூலுக்குப் போகத் தொடங்கிய வருடம் நிறுத்தினார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் ஸ்கூலில் பிள்ளைகள் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் நிறுத்தியும் கூப்பிட்டார்கள். நாங்கள் வீட்டில் சொல்லவில்லை. அவரும் தப்பைப் பற்றிப் பேசவில்லை. இப்படியே இருபது வருடம்.

வேடிக்கை என்னவென்றால், சின்னவன் கெம்பஸில் பறை பற்றிப் பேசுகிறான். தமிழ்நாட்டில் அது விடுதலையின் இசையாக மேடையேறியது பற்றி அசைன்மென்ட் எழுதியிருக்கிறான். மிருதங்கம், தபலாவின் ஒலியைப் பற்றி சி.வி. இராமன் 1920ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார் என்பதும் அவனுக்குத் தெரியும். வீட்டில் குந்தியிருக்கிற ஆளிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. பெரியவனும் கேட்டதில்லை. பெரஹரா காலத்தில் கண்டிக்குப் போனால், முதல் யானை கண்ணில் படுவதற்கு முன்பே தவுல் சத்தம் மட்டும் கட்டிடங்களைச் சுற்றி வளைந்து வந்து நெஞ்சில் இடிக்கும். தாழ்ந்த ஒலி அப்படித்தான், தடுப்புகளை வளைந்து தாண்டி வரும். அதைக் கேட்டு எத்தனை தடவை மெய்சிலிர்த்து நின்றிருக்கிறோம். அங்கே வெட்கப்பட எதுவும் இருக்கவில்லை.

அன்றிரவு கேட்டோம். பெட்டியைப் பற்றிக் கேட்பது போலத்தான் கேட்டோம்.

“தோலும் இப்பிடித்தானா, பனிக்கு?”

“பின்ன? பனி எறங்குனா தோல் தளந்துரும். அடிச்சா சத்தம் அமுங்கிரும். வக்கோலக் கொளுத்தி காய்ச்சி எடுத்தாதான் கணீர்னு பேசும். ரொம்பக் காய்ச்சினா கிழிஞ்சிரும். கைக்குத் தெரியும் எங்க நிறுத்தணும்னு.”

“தப்பு இப்ப எங்க?”

“தோல் கிழிஞ்சி போச்சு. கட்டை ரொம்ப நாள் கெடந்துச்சு. ஒரு மழைக்கு வெறகில்லாம அடுப்புக்குப் போயிருச்சு.”

சாதாரணமாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு என்ன கேட்பதென்று எங்களுக்குத் தெரியவில்லை. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவன் எழும்பிப்போய் நிறுத்தினான்.

புதுப் பெட்டி கலஹாவில் ஒரு தச்சு பாஸ் செய்து தந்தார். பேஸுக்கு பாஸைத்தான் பிடிக்க வேண்டும் என்று அதற்குப் பிறகு ஒரு வாரம் சிரித்தோம். சிப்போர்ட் வேண்டாம், நல்ல பிளைவுட் என்றோம். அப்பாவும் கூட வந்தார். பொருத்துகளுக்கு உள்ளே பசை, அதன் மேல் சிலிக்கன். ஈரம் ஏறாமலிருக்க உள்ளும் வெளியும் வார்னிஷ். 12 அங்குலத்தைக் கடையிலேயே கொடுத்துவிட்டு, ஆழம் குறைந்த 10 அங்குலம் ஒன்று மாற்றி எடுத்தோம். சீட்டுக்குப் பின்னால் கிடைப்பது சுமார் 20 லீட்டர் இடம். அந்தக் கோனுக்கு அது போதும், 12க்குப் போதாது. பெரிய கோனைச் சின்னப் பெட்டிக்குள் நெருக்குவதை விட, அளவான கோனை அளவான பெட்டியில் வைப்பது மேல். உள்ளே தளர்வாகத் தலையணைப் பஞ்சு. அப்படி வைத்தால் பெட்டி கொஞ்சம் பெரிதானது போல நடந்துகொள்ளும். சீட்டும் பழைய இடத்துக்குப் போனது, முழங்காலும் தப்பியது.

கடைசியாகக் கதவு. உள் தகடுகளில் அதிர்வை அடக்கும் ஒட்டுத்தாள், பின் கண்ணாடிக்குப் புது ரப்பர். 40 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர். எங்கள் கெபின் ஒன்றரை மீட்டர்கூட இல்லை. அலை ஓட இடமில்லாததால், கெபினுக்குள் இருக்கும் காற்று முழுவதும் ஒன்றாக அமுங்கி விரிகிறது. சின்ன வண்டிக்கு இயற்கை கொடுத்த போனஸ் இது. இறுக்கி மூடியிருந்தால் தாழ்ந்த ஒலி தானாகவே கூடும். கண்ணாடியை இறக்கிப் பாருங்கள், பாதி பேஸ் தேயிலைக்குள் போய்விடும்.

இப்போது சத்தம் முன்பு வைத்ததில் பாதிதான். வெளியே நிற்பவருக்குப் பெரிதாகக் கேட்காது. உள்ளே நெஞ்சில் இடிக்கிறது. ஆனாலும் பேஸ் இருந்தால் தூங்காமல் ஓட்டலாம் என்று யாருக்கும் சொல்லமாட்டோம். பெரியவன் இப்போது கண் சொருகினால் ஓரம் கட்டிப் பத்து நிமிடம் படுக்கிறான். அந்த மண்மேட்டைத் தாண்டும்போதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் பேசுவதில்லை.

போன மாதம் கண்டி ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு கிளினிக். மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு போனோம். பெரியவன் வேண்டுமென்றே பறை வருகிற ஒரு சினிமாப் பாட்டைப் போட்டான். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு விரல் மட்டும் முழங்காலில் அசைந்தது.

“எப்படிப்பா?”

“அடி சரி” என்றார். “தோலைக் காய்ச்சாம அடிச்சிருக்கானுங்க.”

சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பிறகு சின்னவன் மெதுவாகக் கேட்டான். ஒரு தப்பு செய்யலாமா, எங்களுக்குச் சொல்லித் தருவீங்களா என்று. அப்பா கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். மழை தூறத் தொடங்கியிருந்தது. வளைவில் வண்டி லேசாகச் சறுக்கி நிமிர்ந்தது.

“மொதல்ல டயர மாத்துங்கடா” என்றார்.