பெரார்கஞ்சுக்கு வரும் முதல் எலெக்ட்ரிக் கிட்டார்

ஜூன் 9, திங்கள்

பெரார்கஞ்சில் மழை பிடித்துக்கொண்டது. அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. கொட்டுகிறது. மே மாதம் தொடங்கினால் டிசம்பர் வரை காற்றில் ஈரம் காயாது. இரும்புச் சாமான் எதையும் துரு விட்டுவைக்காத இந்த ஊரில், பிளஸ் டூ முடித்த ஒரு பெண் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறாள். ஞாயிறு ஆராதனையில் தேவாலயத்து அகூஸ்டிக் கிட்டாரை வாசித்துக் கார்டுகள் பழகியவள். டியூஷன் எடுத்துச் சேர்த்த பணமும் அப்பா தருவதாகச் சொன்னதும் சேர்ந்தால் 30,000 ரூபாய் தேறும்.

"பழகறதுக்குத்தானே, இருக்கறதுலேயே விலை குறைஞ்சது போதாதா?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கை தேர்ந்தவர் சுமாரான கிட்டாரையும் சமாளித்து வாசித்துவிடுவார். புதிதாகப் பழகுபவரால் அது முடியாது. கம்பி உயரமாக நின்றால் விரல்நுனி ரணமாகிறது. சுருதி நிற்காத கருவியில் சரியாகப் பிடித்த கார்டும் அபசுரமாகத்தான் கேட்கும். பழகுபவரோ தவறு தன் விரலில் என்று நினைத்துச் சோர்ந்துபோவார். முதல் கிட்டாருக்கு விலை குறைவாக இருக்கலாம். சுருதி கெட்டதாக இருக்கக் கூடாது.

ஜூன் 11, புதன்

1923 முதல் 1931 வரை அந்தமானின் தலைமை ஆணையராக இருந்த எம். எல். ஃபெரார் பெயரைத் தாங்கிய ஊர் இது. அந்தமான் டிரங்க் ரோட்டில், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று வழங்கும் போர்ட் பிளேருக்கு வடக்கே இருக்கிறது. எலெக்ட்ரிக் கிட்டார் சொல்லித்தரும் ஆசிரியரை ஊருக்குள் தேடினால் கிடைப்பது கஷ்டம். அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது கடலடிக் கேபிள். சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. நீளத்துக்குப் போடப்பட்ட அந்த ஃபைபர் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட பிறகுதான், வீடியோ பாடத்தை இங்கே நின்று நின்று பார்க்காமல் பார்க்க முடிந்தது.

இன்று அவள் பார்த்தது பிரசன்னாவின் வாசிப்பு. ராணிப்பேட்டையில் பிறந்து, சென்னை ஐஐடியில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்து, பாஸ்டன் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனவர். எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசை வாசிப்பவர். கமகம் பிடிக்கக் கம்பியை வளைக்கவும் இழைக்கவும் வேண்டும். சிறு வயதில் பாட்டு கற்ற அவளுக்கு அது உடனே புரிந்தது. கம்பி மெல்லியதாகவும் விரல் பலகையில் பதித்த ஃப்ரெட் எனும் உலோகக் கட்டைகளுக்கு நெருக்கமாகவும் இருக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டாள்.

ஜூன் 14, சனி

பேருந்தில் பாம்பூபிளாட், அங்கிருந்து பெர்ரியில் சாத்தம். இறங்கும் துறைக்குப் பக்கத்திலேயே 1883-இல் தொடங்கிய மர அறுவை ஆலை. அந்தமான் படாக் மரத்தை உலகமறியச் செய்த ஆலைகளில் அது முக்கியமானது. படாக்கைக் கிட்டார் செய்பவர்களும் விரும்புகிறார்கள். ஆனால் குறைந்த விலை எலெக்ட்ரிக் கிட்டாரில் உடல் பெரும்பாலும் பாப்லர் போன்ற எளிய மரம்தான், அதில் குற்றமில்லை. ஒலியைக் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பும் அதைப் பெருக்கும் ஆம்பும் பார்த்துக்கொள்ளும். விரல் பதிக்கும் பலகையில் முன்பு ஈட்டி மரம் அதிகம் இருந்தது. 2017-இல் அந்த மரத்தின் பேரினம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபின் பல கம்பெனிகள் வேறு மரத்துக்கு மாறின. ஃபெண்டர் கம்பெனியின் சிக்கன பிராண்டான ஸ்குவையரின் இன்றைய கிட்டார்கள் பலவற்றில் இருப்பது நம் கருமருது.

ஸ்ரீ விஜயபுரம் பஜாரில் ஒரு கடையில் மலிவான எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று தொங்கியது. அதைக் கையில் வாங்கி அவள் செய்த சோதனையை எவரும் செய்து பார்க்கலாம். நெக்கின் ஓரத்தில் உள்ளங்கையை மேலிருந்து கீழே ஓட்டினாள். ஃப்ரெட்டின் முனைகள் தோலைக் கீறின. அடுத்து, ஒரு கம்பியின் முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்தி நடுவில் பார்த்தாள். அங்கே ஒரு காகிதம் நுழையும் அளவு இடைவெளி போதும். இதில் தீப்பெட்டி அட்டையே தாராளமாக நுழைந்தது. நெக் வளைந்திருக்கிறது. கடைசியாக 12-ஆம் ஃப்ரெட். அதற்கு நேர் மேலே கம்பியை மெல்லத் தொட்டு எழுப்பும் ஓசையும், அங்கேயே அழுத்தி வாசிக்கும் ஸ்வரமும் ஒன்றாக இருக்க வேண்டும். போனில் இருந்த டியூனர் இரண்டையும் வேறு வேறாகக் காட்டியது. வளைவையும் இதையும் சரிசெய்யலாம், தெரிந்தவர் இருந்தால். ஃப்ரெட் முனையை ராவுவது அதைவிடப் பெரிய வேலை. அவள் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஜூன் 19, வியாழன்

தாய்மாமா சென்னையில் மெல்லிசைக் குழுக்களில் கிட்டார் வாசித்தவர். போனில் அவர் சொன்ன முதல் வார்த்தையே கணக்குதான்.

"பாப்பா, முப்பதாயிரத்தையும் கிட்டார்லயே போட்டுடாத. இருபதுக்குள்ள கிட்டாரை முடி. ஆறு ஆம்புக்கு. மிச்சம் நாலுல செட்அப், ரெண்டு செட் ஸ்ட்ரிங், கேபிள், பை."

"செட்அப்னா நெக்கையும் கம்பி உயரத்தையும் சரிபண்றதுதானே, அதை நாமளே பண்ணிக்க முடியாதா மாமா?"

"பண்ணலாம், போகப் போக. முதல் தடவை கைதேர்ந்த ஆள் பண்ணணும். அப்பதான் சரியான கிட்டார் எப்படி இருக்கும்னு உன் கைக்குத் தெரியும்."

சென்னையில் இருப்பவர் கருவியில் கோளாறு என்றால் மறுநாளே கடைக்குத் தூக்கிப் போகலாம். பெரார்கஞ்சில் இருப்பவருக்கு நடுவே வங்கக் கடல். எனவே பழுதாக வாய்ப்புள்ள பாகம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அதில் முதலாவது, கம்பிகளை உடலில் தாங்கும் பிரிட்ஜ். ஸ்பிரிங்கில் மிதக்கும் டிரெமலோ பிரிட்ஜில் ஒரு கம்பி அறுந்தாலே மற்ற ஐந்தும் சுருதி விலகும். ஒன்றை வளைத்தால் மற்றவை இறங்கும். உடலோடு திருகி இறுக்கிய ஹார்ட்டெயில் பிரிட்ஜில் அந்தத் தொல்லை கிடையாது.

அடுத்தது பிக்கப். ஒற்றைச் சுருள் பிக்கப் தெளிவாகப் பேசும். ஆனால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். சரியான எர்த் இல்லாத வீட்டில் இரைச்சல் கூடும். இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி இரைச்சலைத் தானே அழிக்கச் செய்யும் ஹம்பக்கரை கிப்சன் கம்பெனியில் செத் லவர் 1955-இல் உருவாக்கினார். பழைய வயரிங் உள்ள வீட்டுக்கு அதுவே ஏற்றது.

ஜூன் 28, சனி

மாமா மவுண்ட் ரோட்டில், 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிகல் உட்படக் கடைகளில் ஏறி இறங்கினார். வீடியோ அழைப்பில் அவள் கேட்க, அவர் வாசித்துக் காட்டினார்.

யமஹா பசிஃபிகா 012: இரண்டு ஒற்றைச் சுருள், ஒரு ஹம்பக்கர். எந்தப் பாட்டுக்கும் வளைந்து கொடுக்கும்; செய்நேர்த்திக்குப் பெயர் பெற்றது. டிரெமலோ இருந்தாலும், பின்பக்க ஸ்பிரிங் திருகை இறுக்கி அதை அசையாமல் உட்கார வைக்கலாம். ஐபனேஸின் கியோ வரிசை: மெல்லிய நெக், ராக் பிரியர்களுக்குப் பிடித்தது. கோர்ட்: இந்தோனேசியாவில் தன் ஆலையில் பிற பிராண்டுகளுக்கும் கிட்டார் செய்து தரும் கம்பெனி, விலைக்குத் தரம் அதிகம். 10,000 ரூபாய்க்குக் கீழே நம் நாட்டு பிராண்டுகளும் உண்டு. அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே மாடலில் ஒன்று நன்றாகவும் அடுத்தது மோசமாகவும் அமைவதால், நேரில் சோதித்தவர் மட்டுமே வாங்கலாம்.

முடிவானது ஸ்குவையர் சோனிக் மஸ்டாங் எச்எச். ஃபெண்டர் கம்பெனி 1964-இல் மாணவர்களுக்கென்றே கொண்டுவந்த மஸ்டாங்கின் சிக்கன வடிவம் இது. ஹார்ட்டெயில் பிரிட்ஜ், இரண்டு ஹம்பக்கர். கம்பியின் நீளம் ஃபெண்டரின் ஸ்ட்ராடோகாஸ்டர் மாடலின் 25.5 அங்குலத்துக்குப் பதிலாக 24 அங்குலம்; இழுவிசை குறைந்து கம்பி மென்மையாகிறது, சிறிய கைக்கு ஃப்ரெட்டுகள் எட்டுகின்றன, கமகத்துக்கு வளைப்பதும் சுலபமாகிறது. மாமா அங்கேயே செட்அப் செய்ய வைத்தார். 12-ஆம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் 2 மி.மீ.க்குள் வந்தது. ஹெட்ஃபோன் துளையுள்ள 10 வாட் ஆம்ப் ஒன்றையும் எடுத்தார். சிறிய அறைக்கு அதற்கு மேல் வேண்டாம்.

ஜூலை 10, வியாழன்

ஊருக்குத் திரும்பிய உறவினர் ஒருவர் விமானத்தில் கொண்டுவந்தார். அறையின் காற்றுக்குப் பழகட்டும் என்று பையைத் திறக்காமல் சில மணி நேரம் அங்கேயே வைத்து, பிறகு சுருதி கூட்டினாள்.

ஈரத்தோடு போராட்டம் முதல் நாளிலேயே தொடங்கியது. வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் அடியிலும் மேலும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்கிறாள். பையில் சிலிகா ஜெல் பொட்டலம். நிறம் மாறும் வகையானால் எப்போது காயவைப்பது என்று அதுவே காட்டும். வெளிச்சுவரில் கிட்டாரைச் சாய்ப்பதில்லை. அடுத்த செட் கம்பி பூச்சிட்டதாக இருக்கும். விலை கூடுதல், ஆனால் துருப்பிடிக்க நாளாகும். ஜனவரியில் காற்று உலரும்போது நெக் அசையலாம். அப்போது நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பியான டிரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் திருகக் கூடாது என்பது மாமாவின் கண்டிப்பு.

தேவாலயத்தில் கூட வாசிக்கும் பையன் ஒருவன் பேஸ் கிட்டார் வாங்க யோசிக்கிறான். அவனுக்கு அவள் மாடல் பெயர் எதுவும் சொல்லவில்லை. நெக் நேராக இருக்கிறதா, 12-ஆம் ஃப்ரெட் ஒத்துப்போகிறதா, செட்அப் சேர்த்துத் தருவார்களா, ஆம்புக்குப் பணம் மிஞ்சுகிறதா, ஊரிலிருந்து திருப்பி அனுப்பினால் செலவு யாருடையது என்று கடையில் கேட்கச் சொல்லியிருக்கிறாள். சனிக்கிழமை இருவரும் சேர்ந்து பெர்ரி பிடிக்கிறார்கள்.